நீ வரும்வரை என்னை நிறுத்தி வைக்க வேண்டாம்

திண்டுக்கல்

அன்பு மகன் ஸ்டீபன்ராஜுக்கு அப்பா எழுதுவது. இறைவன் அருளாலும் மாதாவின் வேண்டுதலாலும் இங்கு உன் அம்மாவும் நானும் சுகம். அங்கு நீயும் மருமகள் பிரிஸ்கில்லாவும் பேத்தி தமிழ்நிலாவும் சுகமாயிருக்க தினமும் மன்றாடுகிறோம். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன், என் மூச்சை அதில் சேர்த்துக்கொள்ளாதே. ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இரண்டு வார்த்தை பேசினால் எனக்கு இரைக்கிறது, எனக்கு இரைத்தால் நீ கனடாவில் அழுகிறாய், நீ அழுதால் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எழுதினால் இரைப்பதில்லை. தபால் மெதுவாக வரட்டும், அதுவரைக்கும் நான் இருப்பேன் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

இங்கே நல்ல மழை. வெங்காயம் அழுகி மார்க்கெட் பக்கமே போக முடியவில்லை, நாற்றம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனாலும் கோவில் வாசல் மாதா கெபிக்கு நிலக்கோட்டைப் பூ வாங்காமல் இருக்க மாட்டாள். பேத்திக்கு அடுத்த வருஷம் புதுநன்மை என்றாயே, முதல் நற்கருணை வாங்கப் போகிறவளை ஜெபங்களைத் தமிழிலும் படிக்கச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மில்லில் தின்ற பஞ்சுத் தூசி நுரையீரலை அரித்துவிட்டது, அடுத்த முறை மூச்சு நின்றால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில்தான் வைக்க வேண்டும், வைத்தால் திரும்ப எடுப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அதற்கு நீ, "இது தற்கொலைக்குச் சமம்ப்பா, திருச்சபை ஒத்துக்காது" என்று குதித்தாய். நீ இருக்கும் நாட்டில் சட்டமே இடம் கொடுத்து, கேட்பவர்களுக்கு ஊசி போட்டு முடித்துவிடுகிறார்கள், அது கூடாதென்று நீயும் உன் பங்குக் கோவில் மக்களும் பனியில் அட்டை பிடித்து நின்றீர்கள். எனக்குப் பெருமைதான், நம் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் என்னையும் அதே மூட்டையில் போட்டுக் கட்டுகிறாயே. மனசு உறுத்தியதால் பங்குச் சாமியாரிடம் போனேன். உன்னைவிடச் சின்னவர், ஆனால் பொறுமையாகக் கேட்டார். "உயிரை எடுக்கிறது வேற, போற உயிரை இழுத்துப் பிடிக்காம விடுறது வேற. நீங்க சாகணும்னு கேக்குறீங்களா, இந்த மெஷின் வேணாம்னு கேக்குறீங்களா?" என்றார். சாக எனக்கு ஆசையே இல்லை சாமி, அடுத்த தேர்தல்ல ஓட்டுப் போடணும் என்றேன். சிரித்துவிட்டார். பலன் கொஞ்சமும் பாரம் அதிகமுமான சிகிச்சையை மறுக்கலாம், அது பாவமில்லை, ஆனால் சோறு, தண்ணீர், வலிக்கு மருந்து இதையெல்லாம் விடக் கூடாது என்று விளக்கினார். அதன்படிதான் இருக்கிறேன். வீட்டில் ஆக்சிஜன் இருக்கிறது, இன்ஹேலரை நேரம் தவறாமல் இழுக்கிறேன், உன் அம்மா இழுக்க வைக்கிறாள். நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது, மெஷின் வேண்டாம் என்று எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பாவம் என்றாயே, அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவிடம் தனியாக ஒன்று சொன்னாயாம், "நான் வர்ற வரைக்குமாவது மெஷின்ல வச்சிருங்கம்மா, அப்பா முகத்தைப் பாக்கணும்" என்று. அதைக் கேட்டு நான் அழுதேன். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும், மகனே.

மில்லில் என்னோடு வேலை பார்த்த அகரத்துப் பொம்மையனை உனக்கு ஞாபகம் இருக்கும். போன சித்திரையில் பக்கவாதம் வந்து விழுந்தான். பிழைக்க மாட்டான் என்று டாக்டர்கள் சொன்ன பிறகும், கத்தாரிலிருந்து மகன் வரட்டும் என்று மெஷினில் வைத்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது, குழாயைப் பிடுங்குகிறான் என்று அசைகிற கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மகன் வந்து அப்பா அப்பா என்று கதறினான், அதற்குள் பொம்மையனுக்கு நினைவு போயிருந்தது. அன்றைக்கே மெஷினை எடுத்தார்கள். மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று ஊரே பேசியது. பார்க்கவில்லை, நான் அங்கேதான் நின்றேன். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், பாசம்தான். ஆனால் பொம்மையன் பெண்டாட்டி மூக்காயி என்னிடம், "அண்ணே, நாந்தேன் வேணாம்னு சொல்லியிருக்கணும். மகன் மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டேன், அம்புட்டு வேதனையையும் அந்த மனுசன் பட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இன்னும் அழுகிறாள்.

ஆகையால் பார்ப்பதானால் இப்போதே வா. புதுநன்மையை இங்கேயே நம் கோவிலில் வைத்துக்கொள்ளலாம். வந்து என் எதிரே உட்கார்ந்து சண்டை போடு, நானும் போடுகிறேன்.

இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த நாள் வரும்போது டாக்டர் உன் அம்மாவைத்தான் கேட்பார். அவள் உன்னைத்தான் கூப்பிடுவாள், மிக்ஸி வாங்கக்கூட உன்னைக் கேட்காமல் வாங்குவதில்லை. வையுங்கள் என்று நீ சொன்னால் என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நீ பேசாமல் இருந்தால், வேண்டாம் என்கிற வார்த்தையை அவள் வாயால் சொல்ல வேண்டி வரும். சொல்லிவிட்டு இந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அதை அவள் தலையில் வைக்காதே. அந்த வார்த்தையை நீ சொல். பாவம் புண்ணியம் அறிந்த என் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் அவள் நிம்மதியாக இருப்பாள்.

உங்கள் மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை வரைகிறேன், ஆண்டவர் உங்களைக் காப்பாராக. பனியில் காதை மூடாமல் போகாதே. மறக்காமல் ஒரு காரியம் செய். யாரும் இல்லாத நேரத்தில், "போதும்மா, அப்பாவை விடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள். அழுகை வரும். அங்கேயே அழுது தீர்த்துவிடு. அம்மா காதில் விழும்போது உன் குரல் நடுங்கக் கூடாது.

உன் அன்பு அப்பா,
பெலிக்ஸ்