நோரீனின் நேரம்

ஜூன் 7, சனி

பழைய டாட்சன் காரின் பின்பக்க டிஃபரன்ஷியலை, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் அந்தப் பெட்டியை, கழற்றி இறக்கிவிட்டேன். குன்றின் மேல் ஏறும் கார்ப் பந்தயத்தில், மேலே உள்ள கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் பிடிமானமில்லாமல் சும்மா சுற்றும். எனக்கு நேரம் போவது அங்கேதான். என் மனைவியாக இருந்த நோரீனுக்குப் போகாது. ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டினோம் — பந்தய எண் எனக்கு 27, அவளுக்கு 127. அவள்தான் எப்போதும் வேகம். என்னை விட்டுப் பிரிந்து போய் இரண்டு வருஷம். இந்தக் காரின் சிறந்த நேரம் என்று கிளப் பலகையில் இன்னும் அவள் பெயர்தான்.

வீட்டில் நான் தனிக்காட்டு ராஜா. ராஜா இன்று டப்பா பீன்ஸை ரொட்டியில் கொட்டிச் சாப்பிட்டார்.

ஜூன் 8

மழை. யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 14, சனி

புது டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களையும் சேர்த்து இழுக்கும் வகை. நல்ல கனம். ஜாக்கியில் வைத்துத் தூக்கினால் துளைகள் ஒத்து வரவில்லை, சரிந்து என் வயிற்றில் விழப் பார்த்தது. விழுந்திருந்தால் எப்போது தேடுவார்கள்? வேறு வழியில்லாமல் கிளப் நண்பன் மெர்வைக் கூப்பிட்டேன்.

காருக்கு அடியில் படுத்தபடியே ஆரம்பித்தான்: "உண்மையைச் சொல்லு கோலின், இதெல்லாம் நோரீனை ஜெயிக்கத்தானே?"

"வளைவுக்குடா."

"ஆமாமா, வளைவு! தூக்குடா மேல."

போல்ட்டை முடுக்கிவிட்டு, "அவளுக்கு ஒரு போன் பண்ணித் தொலையேன்" என்றான். பியர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 19

ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகத் திருப்பினால் பின்னால் டக் டக் என்கிறது. இந்த வகைக்கு அது சகஜம்தான். ஆனாலும் பக்கத்து இருக்கையைப் பார்த்து "கேட்குதா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பைத்தியம்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று பந்தயம். வளைவில் வண்டி கவ்விப் பிடித்தது. அவள் நேரத்தைவிட அரை விநாடி குறைவு! பலகையில் இனி என் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் கோலின். நல்லா ஓட்டியிருப்ப."

அவ்வளவுதான். முன்பென்றால் "டிஃபரன்ஷியலை மாத்திட்டு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா? சாவியை இங்க குடு" என்று கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். திட்டுவா, திட்டுவான்னு போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். யாரோ மூணாம் மனுஷன்கிட்ட பேசுற மாதிரி பேசுறாளே... அந்த ஒரு திட்டுக்காகவா இத்தனையும் செஞ்சேன்?

ஜூலை 6

ஓட்டுநர் இருக்கை முன்னும் பின்னும் நகரும் — அவளுக்குக் கால் எட்டாது என்று நான் அடியில் பொருத்திய சறுக்குத் தடம். இன்று அதைக் கழற்றிவிட்டு, இருக்கையை என் கால் நீளத்துக்கு அசையாமல் முடுக்கிவிட்டேன்.