ஒருமுறைதான் கேட்டார்கள்

உன் போசி என் சமையலறை மேடைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உன் அம்மா இடித்த பருப்புப் பொடியின் பூண்டு வாசம் இந்த ஜெர்மன் குளிரிலும் எழுந்து வருகிறது. மூடியில் அவர் பெயரையும் கல்யாணத் தேதியையும் வெட்டியிருக்கிறார்கள். படிக்க வந்தபோது நீ கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது விட்டுவிட்டாய். இருபது வருஷம் என்னிடம் கிடந்தது. போன மாதம், உன் கருமாதி முடிந்த மறுவாரம், அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் பரமத்தி வேலூருக்குப் போனேன். வெறும் பாத்திரத்தையா அனுப்புவது என்று உன் அம்மா அதில் பொடியை நிரப்பி என்னிடமே கொடுத்துவிட்டார்.

நாமக்கல்லில் ஒரே கல்லூரியில் வேதியியல் படித்து, ஒரே விமானத்தில் இங்கே வந்தோம். முதல் வாரம் வீட்டுக்கார அம்மாள் நம்மைக் கூப்பிட்டு ஆப்பிள் கேக் தட்டை நீட்டினார். இருவரும் வேண்டாம் என்றோம். முதல் தரம் வேண்டாம் என்பதும், இரண்டாம் தரம் பரவாயில்லை என்பதும், மூன்றாம் தரம் கையை நீட்டுவதும்தானே நமக்கு மரியாதை. அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோனார். காலையிலிருந்து சாப்பிடாதவர்கள் வெறும் காபியைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தோம். அறைக்கு வந்ததும் நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய்.

"இந்த ஊர்ல பொண்ணு பாக்கப் போனா ஒருத்தருக்கும் பலகாரம் கெடைக்காது புள்ள."

நான் அன்றே கற்றுக்கொண்டேன். நீ சிரித்ததோடு சரி.

மொழியும் அப்படித்தான். காகிதத்தில் உன் ஜெர்மனில் ஒரு பிழை இருக்காது. ஆள் எதிரே நின்றால் வாய் திறக்காது. ரொட்டிக் கடையில், மருத்துவரிடம், விசா அலுவலகத்தில், நீ என் முழங்கையைத் தொடுவாய், நான் பேசுவேன். எனக்கு அது பிடித்திருந்தது. பரீட்சையில் எப்போதும் நீதான் எனக்கு மேலே. அந்தக் கடை வாசல்களில் மட்டும்தான் நான் உனக்கு மேலே.

இரண்டாம் வருஷக் கடைசியில் பேராசிரியர் நம் இருவரையும் அழைத்தார். ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. கிடைக்காதவள் ஊர் திரும்ப வேண்டும். உன் மதிப்பெண்கள்தான் கூடுதல், இந்த இடம் உனக்கு வேண்டுமா என்று, உனக்குப் புரியும்படி நிறுத்தி நிதானமாகக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, வேண்டாம், இவளுக்கே கொடுங்கள் என்றாய்.

அது முதல் தரத்து வேண்டாம். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். இரண்டு வருஷமாக உனக்காகப் பேசியவள் நான். உன் விரல்கள் என் முழங்கையைத் தொட்டன. பேராசிரியர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். சரி என்றேன்.

மாடிப்படியில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னாய்: "அவரு இன்னொருக்காக் கேப்பாருன்னு நெனச்சேன்."

அவர் அறைக்கதவு திறந்தே கிடந்தது. பத்துப் படி ஏறியிருந்தால் போதும்.

"இங்கெல்லாம் ஒருக்காத்தான் கேப்பாங்க" என்றேன். "ரெண்டு வருசமாகியும் உனக்கு இது வெளங்கலையா?"

போகிற வழியில் ரொட்டி வாங்கினோம். அன்று நீயே கேட்டு வாங்கினாய். ஒரு தப்பும் இல்லாமல்.

ஊரில் உன்னை ஜெர்மன்காரி என்று கூப்பிட்டார்களாம். பேருந்தில் இடம் இல்லாமல் நின்றால், ஜெர்மன்காரிக்கு விமானம் வரும், வழி விடுங்கள் என்பார்களாம். ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்தினாய். என் மின்னஞ்சல்களுக்கெல்லாம் நலம் என்று ஒரு வரி எழுதினாய். மார்பில் வந்த கட்டியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

போன மாதம் போனபோது உன் அம்மா எனக்கு இலை போட்டார். போதும் என்றேன், சோறு வைத்தார். கையால் மறைத்தேன், விரலிடுக்கில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நீ கூட இருக்கற தெகிரியத்துலதான் அவளை அத்தனை தூரம் அனுப்பிச்சோம் சாமி."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ எதுக்குக் கண்ணு அங்க இருக்காம வந்துட்டா? சாகற மட்டும் எங்கிட்டச் சொல்லவே இல்ல. உனக்கு எதாச்சும் தெரியுமா?"

"தெரியலைங்கம்மா."

முதல் தரம் வாயில் வருவது அதுதான். இரண்டாம் தரம் கேட்டால் சொல்லிவிடுவது என்று சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தேன். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார், ரசம் கொண்டுவந்தார். ஊற்றட்டுமா என்று மூன்று தரம் கேட்டார்.

நீ ஏன் திரும்பி வந்தாய் என்பதை மட்டும் மறுபடி கேட்கவில்லை. பொடி தீர்ந்துவிடும். போசி இருக்கும். அவருக்குச் சொல்ல வைத்திருந்த பதிலும் என்னோடுதான் இருக்கும்.