ஆடாத படகு

ஜூலை 8, 2025

மாம்பழம் இன்னும் சந்தோஷமாகக் குதிக்க வேண்டுமாம். கிளையன்ட் குறிப்பு அனுப்பியிருக்கிறார். குழந்தைகள் எழுத்துப் படிக்கிற ஆப்பில் சரியான விடை சொன்னால் ஒரு மாம்பழம் வந்து குதித்துவிட்டுப் போகும். அரை நொடி வேலை. அந்த அரை நொடியை ரெண்டு வாரமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் எவ்ளோ சந்தோஷம்தான் வேணும் அதுக்கு? லாட்டரி வுழுந்துச்சா?

அம்மா மீன் கூடையோடு கிளம்பும்போது என் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். "காலைலேர்ந்து அந்தப் பழத்தையே பாத்துக்கினு கீறியே, வரும்போது ஒரு கிலோ வாங்கியாரவா?"

நைனா சிரிக்கவில்லை. ஆயுத பூஜை வரைக்கும்தான் எனக்குக் கெடு. அதற்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால், சித்தப்பா மகன் விஜய் வேலை செய்யும் மீஞ்சூர் ஃபாக்டரி ஆபீசில் சேர்ந்துவிட வேண்டும். நாள் பூரா வண்டி நம்பர் டைப் அடிக்கிற வேலை. அனிமேஷன் படிச்சவ நான். கேட்டால், "அதுவும் கம்ப்யூட்டர்தானே" என்கிறார்.

ஜூலை 11

ஸ்டீபனிடமிருந்து மெயில். சென்னையில் நான் வேலை கேட்டு எழுதியிருந்த ஸ்டுடியோவின் டிசைன் டீமுக்குத் தலை அவர்தான். என் வேலைகளை எல்லாம் பார்த்தாராம், கை சுத்தமாக இருக்கிறதாம். ஆனால் "எல்லாமே அடுத்தவங்க ஆப்புக்குச் செஞ்ச பழங்களா இருக்கு. நீங்களே யோசிச்சு, நிஜமான ஆளுங்க தினமும் தொடுற மாதிரி ஒண்ணு செஞ்சுட்டு வாங்க. ஒரு மாசம் ஓடட்டும். அப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம்."

நிஜமான ஆளுங்களுக்கு நான் எங்கே போவேன்? மாடியேறினால்தான் எனக்கு சிக்னலே வருகிறது.

ஜூலை 14

நிஜமான ஆளுங்க வாசல்லயே நின்னு கத்திக்கினு இருந்தாங்க. நாளைக்கு யார் பாடு என்று சண்டை. நைனா ஒரு கணக்குச் சொல்கிறார், வேறு குழுக்காரர் நீலமேகம் மாமா இன்னொரு கணக்குச் சொல்கிறார், ரெண்டு பேரும் மாறி மாறி ஊர்த் தலைவர் ராஜவேலுவுக்கு போன் போடுகிறார்கள். அவர் எடுக்கவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது: யார் பாடு என்று ஒரு ஆப் சொன்னால்?

உடனே மலீஹாவுக்குப் பேசினேன். காலேஜில் ஒன்றாகப் படித்தோம். பழவேற்காட்டில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தாலே ஏரிதான், அங்கே உட்கார்ந்து யாருக்கோ கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறாள். "பாடுன்னா இன்னாடி?" என்கிறாள்! ஸ்டீபனுக்கு எழுதியதையே அவளுக்கும் அனுப்பிவிட்டேன்: ஏரியில் இறால் அதிகம் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் எந்தக் குழு அங்கே வலை போடலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. ஒரு குழுவின் நாளில் இன்னொரு குழு இறங்கக் கூடாது.

நான் வரைகிறேன், அவள் கோடு எழுதுகிறாள்.

ஜூலை 28

படகு வந்துவிட்டது! பாடு வருகிற அன்றைக்கு விடியற்காலையில் போன் அடிக்கும். திரையில் ஒரு படகு. முதலில் மூக்கு தூக்கும், அடி கொஞ்சம் அமுங்கும், அப்புறம் மொத்தமும் எகிறிக் குதித்து அலையில் உட்காரும், கொடி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். யாரும் திருத்தம் சொல்லாமல் நானாகவே செய்த முதல் குதி. குரலும் என்னுதுதான். அம்மாவின் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு ரெக்கார்ட் பண்ணினேன், எதிரொலி வரக் கூடாதே. "இன்னைக்கு உங்க பாடு! கெளம்புங்க, கெளம்புங்க!"

ஸ்டீபனுக்கு வீடியோ அனுப்பினேன். "இந்தக் குதிதான் இதோட உயிர். இதை விட்டுடாதீங்க" என்று பதில் வந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 3

ஊர்க்கூட்டத்தில் காட்டினேன். பொம்பளை யாரும் பேசாத கூட்டம். ராஜவேலு, "போட்டுப் பாப்போம், ஒண்ணும் கொறஞ்சுடப் போறதில்ல" என்றார். நீலமேகம் மாமாதான் எழுந்து நின்றார். "பொம்மை ஆட்டற பொண்ணு சொல்லி நான் ஏரிக்குப் போவணுமா? காலம்டா சாமி!" எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும்.

சிரித்துக்கொண்டேதான், போனை என்னிடம் நீட்டி ஏற்றித் தரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 10

டீக்கடையில் நீலமேகம் மாமா தன் போனில் படகைக் குதிக்க வைத்து வெளியூர்க்காரர் ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

வேணு மாமா போய்விட்டார். சாயங்காலம் வலை காயப்போட்டுக்கொண்டே நெஞ்சு வலிக்கிறது என்றாராம். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. நைனாவோடு ஒன்றாகத் தொழிலுக்குப் போனவர்.

படகெல்லாம் கரையேறிவிட்டது. சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் ஊரில் யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். ஏரியும் இல்லை, கடலும் இல்லை, அம்மாவுக்கு மார்க்கெட்டும் இல்லை. மாம்பழம் இன்றைக்கே அனுப்பியாக வேண்டும். "நான் செய்யலாமாம்மா?" என்று கேட்டேன். "அது இன்னா வேலை, பொம்மைதானே. நீ பாட்டுக்குச் செய்" என்றாள். செய்து அனுப்பிவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 18

எழுத முடியல.

விடியற நேரம். மாலா அத்தை மாமா தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க. அழுது அழுது எல்லாருக்கும் குரல் ஓஞ்சு போயி, வூடு அமைதியா இருந்துச்சு. மாமாவோட சட்டை ஆணியில தொங்குது. அதோட பாக்கெட்டுலேர்ந்து, "இன்னைக்கு உங்க பாடு! கெளம்புங்க, கெளம்புங்க!"

என் குரல். நான் அங்கதான் நிக்கறேன், என் குரல் செத்தவரைக் கெளம்பச் சொல்லுது. மாமா குழுவோட பாடு இன்னைக்கு. வாசல்ல உக்காந்திருந்த அவர் கூட்டாளிங்க பாக்கெட்டுல எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிக்குது. கெளம்புங்க, கெளம்புங்க. யாருக்கும் உடனே நிறுத்தத் தெரியல. அத்தை சட்டையை இழுத்து மடியில போட்டு ரெண்டு கையாலயும் அமுக்கிக்கினாங்க. உள்ளயிருந்து இன்னும் கேக்குது.

கொஞ்சம் கூடவா தோணலை எனக்கு? சாயங்காலமே படகெல்லாம் கரையேறினதைப் பாத்தவதானே நான்? இந்த ஊர்லதானேடி பொறந்தே?

ஆகஸ்ட் 19

அதோடு போகவில்லை. ஒரு நாள் நின்றால் முறை மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகும், நேற்று வேணு மாமா குழு இழந்த பாடு இன்றைக்கு. ஊருக்கே தெரியும். ஆப்புக்குத் தெரியாது. அது இன்றைக்கு நீலமேகம் மாமா குழுவை எழுப்ப, தூக்கக் கலக்கத்தில் போனை நம்பிக் கிளம்பிவிட்டார்கள். ரெண்டு குழுவும் ஒரே இடத்தில் மோதி, ஒரு வலை கிழிந்திருக்கிறது.

நீலமேகம் மாமா வாசலில் வந்து நின்று கத்தினார். "சாவு வூட்டுல பாட்டு பாடுது, ஏரியில ஆளை மோத வுடுது! இன்னாத்துக்குடா இந்தப் பொண்ணைப் படிக்க வெச்சே?" நைனா உள்ளே போய்விட்டார். ராஜவேலு எல்லாரையும் ஆப்பை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பார்த்தேன். ஒருத்தர் போனில்கூட இல்லை. ஒரு மாசம் ஓடட்டுமாம்!

ஆகஸ்ட் 23

மலீஹா வந்தாள். "ஒரு பட்டன் வெச்சா தீந்துதுடி. அமுக்கினா எல்லா போனும் நிக்கும், முறையும் தானா ஒரு நாள் தள்ளிக்கும்" என்றாள். உனக்கென்ன, உன் குரலா கேட்டுச்சு அங்க, என்று கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய், பஸ் இல்லாமல் திரும்பி வந்தாள். ரெண்டு பேரும் மீன் குழம்பு சாப்பிட்டோம். அப்புறம் லேப்டாப்பைத் திறந்தோம்.

ஆகஸ்ட் 26

கரையில் ஏற்றிய படகு. இதை வரைவதற்கு இத்தனை நாளா?

முதலில் பின்னால் அலை லேசாக ஆடட்டும் என்று வைத்தேன். அசிங்கமாக இருந்தது. அலையை நிறுத்திவிட்டுக் கொடியை மட்டும் ஆடவிட்டேன். அதுவும் கூத்து மாதிரி இருந்தது. கயிறு, மணல், மேகம் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். கடைசியில் எதுவும் அசையவில்லை. சத்தம் இல்லை. குரல் இல்லை. கீழே "ஊரில் துக்கம். பாடு இல்லை" என்று மட்டும். ஆட்டி வைக்கிறதுக்குத்தான் எனக்குப் படிப்பு, ஆட்டாமல் விடுவதற்கு எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆகஸ்ட் 30

மாலா அத்தையிடம்தான் முதலில் காட்டினேன். போகிற வழியிலேயே ரெண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். அத்தை போனைக் கையில் வாங்காமல், குனிந்து பார்த்தாங்க.

"சத்தம் வராதே?"

"வராது அத்தை."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன் அத்தை. மன்னிச்சுடுங்க அத்தை."

"அவரு டெய்லி உன் குரலைக் கேட்டு சிரிச்சுக்கினே எழுந்திருப்பாரு" என்றாங்க. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

செப்டம்பர் 4

அத்தையே ராஜவேலுவிடம் பேசியிருக்காங்க. மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று ஊர் சொல்லிவிட்டது. நிறுத்தற பட்டனை ராஜவேலு போனில் வைக்கப் போனால், "எனக்கு அதெல்லாம் வாணாம்மா, தப்பா அமுக்கித் தொலைப்பேன். சொல்லி அனுப்பறோம், நீ செய்" என்றார். பாதிப் பேர்தான் போட்டிருக்கிறார்கள். நீலமேகம் மாமா போடவில்லை.

செப்டம்பர் 12

இன்டர்வியூ. நாசமாப் போச்சு.

எல்லாத் திரையும் காட்டினேன். குதிக்கிற படகைப் பார்த்து ஸ்டீபனும் கூட இருந்த ரெண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்து கரைப் படகு வந்தது. ஒருத்தர் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஹேங் ஆயிடுச்சா?" இல்லை என்றேன். "அப்போ முடிக்கலையா? சின்னதா அலையாவது ஆட விடலாமே, செத்த மாதிரி இருக்கே" என்றார்.

"செத்துதான் போயிட்டாரு சார்! அதான் ஆடலை!"

கத்தியேவிட்டேன். அப்புறம் ஸ்டீபன், நடுவில் ஏன் ஒருத்தர்கூட உபயோகிக்கவில்லை என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டார். தகவல் சொல்றோம் என்றார்.

ரயில் மீஞ்சூரில் நின்றபோது, இறங்கி நேராக விஜய் ஆபீசுக்கே போய்விடலாமா என்று இருந்தது.

செப்டம்பர் 19

பதில் இல்லை.

செப்டம்பர் 25

பதில் இல்லை. மாம்பழம் முடிந்தது. இப்போது அன்னாசி குதிக்க வேண்டும்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. நைனா எஞ்சினுக்கும் வலைக்கும் குங்குமம் வைத்தார், அம்மா தராசுக்கும் அரிவாள்மணைக்கும் வைத்தாள். என் லேப்டாப் மூலையில் கிடந்தது. யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேட்டு வாங்க எனக்கு மனசில்லை. விஜய் வந்து, "திங்கக்கெழமை வந்துடறியா?" என்று கேட்டான். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிட்டு மாடிக்குப் போய்...

மாடியில்தானே சிக்னல். ஸ்டீபனின் மெயில் நேற்றே வந்து கிடக்கிறது. ஆறு மாசம் பார்ப்பார்களாம், பிடித்தால் நிரந்தரமாம். ஒரு பாராட்டு இல்லை, வாழ்த்து இல்லை. கீழே ஒரே வரி: "கரையில் இருக்கும் படகில் எதையும் மாற்ற வேண்டாம்."

இறங்கி வந்து சொன்னேன். நைனா, "ஆறு மாசந்தானா?" என்றார்.

நவம்பர் 12

மீஞ்சூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைக்கு முதல் தடவையாக என் திரைகளைக் கிளையன்டுக்குக் காட்டுகிற நாள். நேரத்தோடு வரச் சொல்லி ஸ்டீபன் நேற்றே ரெண்டு தடவை சொல்லியிருந்தார். பொன்னேரியில் ஏறி ஜன்னல் சீட்டும் கிடைத்து, பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். போன் அடித்தது. நீலமேகம் மாமா. இந்த மனுசன் எனக்கு எதுக்குப் போன் பண்றாரு என்று எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"எங்கம்மா போயிட்டாங்க, அர்ச்சனா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தலைவருக்குச் சொல்லிட்டேன். அடுத்து உனக்குத்தான் பண்றேன். படகைக் கரையில ஏத்திடும்மா."

"இதோ ஏத்திடறேன் மாமா."

"இன்னா சத்தம் அது? எங்க கீற?"

"ரயில்ல மாமா. ஆபீசுக்குப் போயிக்கினு கீறேன்."

அழுதுகொண்டிருந்தவர் அப்படியே கத்த ஆரம்பித்துவிட்டார். "ஆபீசுக்கா? ஊர்ல ஒருத்தரும் வேலைக்குப் போவலை, நீ மட்டும் போவியா? உனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்? எறங்கி வா!"

வைத்துவிட்டார்.

பட்டனை அமுக்கினேன். என் போனிலும் படகு கரையேறி நின்றது. ஊரில் துக்கம். பாடு இல்லை. வண்டி மீஞ்சூரில் நிற்க, கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எவ்வளவு முக்கியமான நாள்! வரவில்லை. அழுகைதான் வந்தது, அடக்கவே முடியவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "சொந்தக்காரங்களாம்மா?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். வேணு மாமா செத்த அன்றைக்கு, பொம்மைதானே என்று என்னை யாருமே நிறுத்தவில்லை. அதை எப்படி அவங்களுக்குச் சொல்வது?

ஊரில் சாவு, இன்றைக்கு வேலைக்கு வர முடியாது என்று ஸ்டீபனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் போடவில்லை. பொன்னேரி வண்டி வருகிறது.