சாப்பிட்டாயா என்று கேட்ட கம்ப்யூட்டர்

வாசலில் செருப்பைக் குறுக்கே கழற்றிப் போட்டு என்னைத் தடுக்கி விழவைக்கும் என் செல்ல அண்ணனுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டோம். கை வைத்தது உன்னோடு வேலை பார்த்த சேகர் அண்ணன். சரி என்று சொன்னது நானும் அம்மாவும்.

நீ போய் அடுத்த மாதம் ஒரு வருஷம் ஆகிறது. நம் ஊர் பெம்பானில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் நம் ஜன்னலை ஆட்டிவிட்டுப் போகின்றன. எனக்கு ஜாசினில் ஓர் ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது. குருபோங் பாக்டரியிலிருந்து அந்த மழையில் நீ ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை நாங்கள் திரும்ப எடுக்கவே இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறதாம்.

நீ எழுதிவைத்த அந்த வரி நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் முதலில் அதுதான் வரும். ‘அம்மா சாப்டியா?’ என்று ஆங்கில எழுத்தில் தமிழ். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால்தான் மேலே போகும். அம்மாவுக்கு இனிப்புநீர் வியாதி, ஆனால் நேரத்துக்குச் சாப்பிட மாட்டாள். நீ வேலைக்குப் போன பிறகு நான்தான் அதன்முன் உட்காருவேன் என்பதால் எனக்காகவே அதைப் போட்டாய்.

"போயி அம்மாகிட்ட கேட்டுட்டு வந்துதான் தட்டணும். ஏமாத்தக்கூடாது லா," என்றாய்.

நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை, அண்ணா. வரி வரும், தட்டிவிடுவேன். நீ இருந்தபோதே சொல்லியிருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய், அத்தோடு போயிருக்கும்.

கருமக்கிரியை முடிந்த மறுவாரம், வேலைக்கு மனு எழுத அதைப் போட்டேன். பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

"என்னா எழுதியிருக்கு?"

படித்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அம்மா திரையைப் பார்த்து, "இன்னும் இல்லய்யா, இப்ப சாப்பிடுறேன்," என்றாள். அழவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டாள். நீ போனபின் அவள் தானாகச் சாப்பிட்டது அன்றுதான்.

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் கம்ப்யூட்டரைப் போடுவது அம்மாவின் வேலையாகிவிட்டது. நான் ஆபீஸ் போகத் தொடங்கியதும் அவளே சுவிட்சைப் போடப் பழகிக்கொண்டாள். வரி வந்தால்தான் சாப்பாடு. உன் படத்துக்குப் போட வேண்டிய விபூதியைப் பெட்டியின் நெற்றியில் போட்டாள். பிளாப்பி டிஸ்க் போடும் வாய்க்குப் பக்கத்தில் ஊதுபத்தி. அமாவாசைக்கு விசைப்பலகை ஓரத்தில் வாழை இலை, உனக்குப் பிடித்த, கணவாய் போட்ட சோத்தோங் சம்பல், ஒரு கோப்பை கோப்பி. நான் தடுக்கவில்லை. யார் தடுப்பார்கள், நீயே சொல்.

பெட்டி நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்தது. வரி வருவதற்குள் அம்மாவின் சோறு ஆறிவிடும். அதோடு நான் வேறு ஒரு காரியம் செய்தேன். ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் கொடுத்த உன் சட்டைப்பையில் ஒரு பிளாப்பி இருந்தது. உன் எழுத்து ஏதாவது இருக்குமோ என்ற ஆசையில் அதைப் போட்டேன். ஒரு கார் விளையாட்டுதான் இருந்தது. ஒரு தடவை விளையாடியும் பார்த்தேன்.

அடுத்த வாரம் எழுத்துகள் விழ ஆரம்பித்தன. நீ கேட்ட வரி வரும். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் எழுத்தாகக் கழன்று திரையின் அடியில் போய்க் குவியும். கடைசியில் கேள்விக்குறி மட்டும் மேலே நிற்கும். அம்மா திரைக்குக் கீழே கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

"அவன் என்னமோ கேக்க வர்றான். முடியல அவனுக்கு," என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் வீடு திரும்பினால் சோற்றுப் பானை தொடாமல் இருக்கும். ஒருநாள் கைகால் நடுங்கி, அடுப்படியில் சரிந்து கிடந்தாள். அதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் சேகர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பெட்டியைக் கழற்றினார். உள்ளே காற்றாடி முழுக்க விபூதியும் ஊதுபத்திச் சாம்பலும். விசைப்பலகையைக் கவிழ்த்தால் எறும்புகள் சாரிசாரியாக ஓடின. மனுஷர் சிரிக்கவே இல்லை. பிரஷ்ஷால் மெல்லத் துடைத்து, சாம்பலை ஒரு காகிதத்தில் சேர்த்து அம்மாவிடமே கொடுத்தார். பிறகு என்னிடம், "இதெல்லாம் பரவால்ல. வைரஸ்தான் எல்லாத்துலயும் ஏறிடுச்சு. பாக்டரில எல்லார் கையிலயும் சுத்துன டிஸ்க் அது. முழுசா அழிச்சிட்டுப் புதுசா போடணும்," என்றார்.

அம்மா கேட்டாள்: "அழிச்சா அவனுக்கு வலிக்குமா தம்பி?"

சேகர் அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "வலிக்காதும்மா."

"அப்ப அழிச்சிரு. இப்படி விழுந்து விழுந்து கேக்க வேணாம்."

திரையில் எண்கள் நூறு வரை ஏறின. அவ்வளவுதான். கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன், சேகர் அண்ணன் காட்டிக்கொடுத்தபடி அந்த வரியை நானே எழுதிவைத்தேன். எழுத்து மாறாமல், அதே இடத்தில். சாயங்காலம் வந்து பார்த்தால் பானை தொடாமல் இருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வரி அசையாமல் நின்றிருந்தது. அதற்கு எதிரே அம்மா.

"இது நீ போட்டது," என்றாள். "அவன் கேட்டா எனக்குப் பசிக்கும். இதுக்குப் பசிக்கல."

எனக்குக் கோபம் வந்தது, உன்மேல்தான். போகிறவன் எதற்கு ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனாய்? சுவிட்சை அணைத்தேன். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எத்தனையோ முறை கேட்காமல் தட்டியதை அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

"அம்மா, சாப்டியா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இல்ல," என்றாள். பிறகு, "நீ சாப்டியாடி?" என்றாள். நீ போனதிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை, அண்ணா. எனக்கு அடக்க முடியவில்லை. ஒரே தட்டில் இருவரும் பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம்.

இப்போது கம்ப்யூட்டர் வேகமாக ஓடுகிறது. நான் எழுதிய வரியை எடுத்துவிட்டேன். ஆனாலும் அதைப் போடும்போதெல்லாம், நீ கேட்கும் அந்த இடம் வந்ததும் என் விரல் நின்றுவிடுகிறது. எழுத்துகள் விழுந்தது வைரஸால்தான் என்று எனக்குத் தெரியும். அது உன் சட்டைப்பையிலிருந்து ஏன் வர வேண்டும்? நான் ஏமாற்றியது உனக்குத் தெரிந்துவிட்டதா?

தெரிந்திருந்தால் இதையும் தெரிந்துகொள். தினமும் மத்தியானம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். அவள் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் என் சாப்பாட்டைத் திறக்கிறேன். அவள் இருக்கும்வரை இது ஒருநாளும் தவறாது. நீ இனிமேல் கேட்க வேண்டாம், அண்ணா. ஓய்வெடு.

இனிக் கேட்டுவிட்டுத்தான் தட்டும்,
உன் தங்கச்சி
தேவி