உள்ளறை யாருடையது, மச்சான்?

அன்பின் மச்சான்,

நீ இருக்கும் இடத்துக்குச் சுகம் விசாரித்து எழுத முடியாது. ஆகவே என் சுகத்தையே சொல்லித் தொடங்குகிறேன். களைத்துப் போயிருக்கிறேன். முதுகு நோகிறது, கால் வீங்குகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. உன் தங்கச்சி பார்த்துவிட்டு, "இவருக்கு வருத்தம் ஒண்டுமில்ல, அலுப்புத்தான்" என்கிறாள். அதோடு வைத்தியம் முடிந்தது.

யுத்தமும் முடிந்துவிட்டது. ரேடியோவில் சொன்னார்கள். பட்டணத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இப்போது வாகரைப் பாதை திறந்து, கல்லும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் நாள் முழுக்கப் போகின்றன. வாய், மூக்கு, சோற்றுப் பார்சல் எல்லாம் புழுதி. அந்தப் புழுதிக்குள் நின்றபோதுதான் உன்னுடைய 'ஸ்டூர்' நினைவுக்கு வந்தது.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன்: நீ களுவாஞ்சிக்குடியில் இங்கிலீசு படிப்பித்த வாத்தியார். சுனாமிக்குப் பிறகு வாவிக்கரையில் வீடு கட்ட வந்த ஸ்கொட்லாந்துக்கார இஞ்சினியர் டங்கனுக்கு நீ மொழிபெயர்ப்பாளர், நான் கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவசியர். அவர் பேசிய இங்கிலீசில் பாதி எனக்கு விளங்கவே விளங்காது. உனக்கோ அந்த விளங்காத பாதிதான் தேன். முகாமில் தேத்தண்ணி குடிக்கும் நேரமெல்லாம் அவரிடம் ஒரு சொல்லைப் பிடுங்கி, அது எங்கிருந்து வந்தது என்று குடைந்துகொண்டிருப்பாய். வீடிழந்த சனம் சுற்றிவர இருக்க, இவனுக்கு என்ன சொல் விளையாட்டு என்று எனக்குக் கோபம் வரும்.

ஸ்டூர் என்றால் அவருடைய ஊரில் தூசி. வீடு கூட்டும்போது எழும்பும் சாதாரணத் தூசி. ஆனால் பழைய பிரெஞ்சிலிருந்து அது வந்தபோது சண்டை என்றுதான் பொருளாம். பிறகு சண்டையில் கிளம்பும் புழுதியைச் சொன்னார்கள், பிறகு சண்டை மறந்து புழுதி மட்டும் மிஞ்சியது. இதை நீ எனக்குச் சொன்னபோது சிரித்தாய். ஒரு சண்டை வெறும் தூசியாக எத்தனை தலைமுறை ஆகும் என்று நான் அன்று கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்க நீ இல்லை.

'ட்ரீக்' என்றும் ஒன்று. மாரியில் விடாமல் தூறி, துணி காயாமல், மனிதருக்கு உயிர் வெறுத்துப்போகும் நாளுக்கு அந்தப் பெயர். வடக்கத்திக் கடலோடிகளின் பழைய மொழியில் அதற்கு நீண்டு நிலைப்பது என்று அர்த்தமாம். எனக்கு இந்த வருடம் முழுக்க ட்ரீக், மச்சான். வெயில் எரிக்கிற நாளிலும்.

ஆனால் முகாமில் வைத்த அந்தக் கூட்டத்தை நான் மறக்கவில்லை. புது வீடுகள் குடும்பத் தலைவனின் பெயரில் எழுதப்படும் என்று டங்கன் அறிவித்தார். அடுத்த நாள் பெயர் பதிய ஒருவரும் வரவில்லை. இந்தச் சனத்துக்கு வீடு வேண்டாமா என்று மனிதர் நொந்துபோனார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, தாயிடமிருந்து மகளுக்கு, மாப்பிள்ளை வந்து சேருகிறவன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது போய்ச் சொல்வார்களா?

நீதான் சொன்னாய். அதையும் அவருடைய சொல்லை வைத்தே சொன்னாய். அவருடைய ஊரின் பழைய வீடுகளில் வெளியறைக்குப் 'பட்', உள்ளறைக்குப் 'பென்'. பழைய இங்கிலீசில் வெளியே, உள்ளே என்ற சொற்கள் தேய்ந்து அப்படி ஆனவை. வெளியறையில் யாரும் வந்து நிற்கலாம். 'பென்னுக்கு வா' என்று வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். "உங்களுடைய வீட்டில் அப்படிக் கூப்பிடுவது யார்?" என்று கேட்டாய். அவர் யோசித்து, "அம்மாதான்" என்றார். "இங்கேயும் அதுதான்" என்றாய். வீடுகள் பெண்களின் பெயருக்கு மாறின. என் கோபம் அன்றோடு போய்விட்டது.

பிறகு திரும்பவும் சண்டை. வாகரைப் பக்கம் சனம் மரத்தின் கீழ் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு நிவாரண லொறியில் ஏறிப் போனாய். "பின்னேரம் வந்திருவன்" என்றாய். எறிகணை விழுந்தது. அது யாருடையது என்று கேட்டோம், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எனக்கு இன்னமும் தாங்க முடியவில்லை, மச்சான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

இப்போது பனிச்சங்கேணியில் வேலை. வேறு நிறுவனம், கொழும்பிலிருந்து வந்த இளம் அதிகாரி, இங்கிலீசிலும் சிங்களத்திலும் பேசுகிறார். மொழிபெயர்க்க ஆளில்லாமல் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். திரும்பவும் வீடு குடும்பத் தலைவன் பெயரில்தான். ஆனால் இந்த முறை பல குடும்பங்களில் அந்தத் தலைவனே இல்லை. புருஷன் இறந்துவிட்டான் என்று உறுதிப்படுத்தினால்தான் மனைவி பெயரில் வீடு.

பூரணம் என்றொரு பெண். புருஷன் வாவியில் மீன் பிடித்தவன். இடம்பெயர்ந்த நாளில் வலையை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று நின்றவன், இன்னும் வரவில்லை. ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்று அதிகாரி சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணன், அவர் செத்துப்போனாரெண்டு சொல்லி வாங்கின வீட்டுக்க வச்சு, மறுகா அவர் வந்தா என்ன முகத்தோட நான் சோறு போட?"

இதை இங்கிலீசில் எப்படிச் சொல்வது? எனக்கு வரவில்லை. உன்னை நினைத்தேன். பிறகு வந்த இங்கிலீசில் சொன்னேன்: "சேர், எங்கட ஊரில வீடு பொம்பிளைக்கு. புருஷன் இருந்தாலும் அவளுடையது, இல்லாட்டியும் அவளுடையது. இந்த வளவுக் காணியும் அவட தாய் குடுத்தது. ஆகவே அவர் இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை."

அவர் பேனையை மூடி வைத்தார். "அப்படியென்றால் புருஷனைப் பற்றி நான் என்ன எழுதுவது?" என்று கேட்டார்.

"ஒன்றும் எழுத வேண்டாம்" என்றேன்.

கொழும்போடு பேசினார், கடிதங்கள் போய் வந்தன, சில கிழமைகள் இழுபட்டது. கடைசியில் சம்மதித்தார்கள். பூரணத்தோடு அவளைப் போல இருந்த மற்றப் பெண்களுக்கும் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளுடைய வீட்டுக்கு நிலை வைத்தோம். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, எல்லாம் முறைப்படி. எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "அண்ணன், உங்கட வீடு எங்க இரிக்கி?" என்று கேட்டாள்.

"எனக்கெங்க புள்ள வீடு? பொஞ்சாதிட வீட்டிலதான் இரிக்கன்."

அவள் சிரித்ததை அன்றுதான் முதன்முதல் கண்டேன். "எங்கட இவரும் இப்பிடித்தான் சொல்லுவார்" என்றாள்.

சொன்னவர் என்று இல்லை, சொல்லுவார் என்றாள், மச்சான்.

பனிச்சங்கேணிக்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை போகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. என்றாலும், எந்தப் பெண்ணிடமும் அந்தக் கையெழுத்தைக் கேட்க விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கச்சியின் வீட்டில் இருக்கும்,
உன் மச்சான்