அம்மா வாங்கிய தூக்குக்குண்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், என் வலது முட்டி மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்கவேண்டும். பயலுக்கு இருமல் விட்டதா, எழுது. போனில் அம்மா உன்னிடம் ‘ஏதோ ஒரு விருது குடுத்தாங்க’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாளாம். ஏதோ ஒன்று இல்லை அது. கட்டுமானச் சங்கத்தில் இந்த வருடத்தின் சிறந்த கட்டுநர் என்று உன் அம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. கொடுத்த லட்சணத்தைக் கேள். தலைவர் மைக்கைப் பிடித்து, கணவரின் வழிகாட்டுதலில் வளர்ந்தவர் என்று சொல்லி என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார். காஜா எடுக்கத் தெரிந்த தையல்காரன், கான்கிரீட்டுக்கு நான் என்ன வழி காட்டினேன். அம்மா சிரித்த முகமாகத்தான் நின்றாள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் மேடையில் போட்ட சால்வையை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

விருது என்றதும் கப் என்று நினைத்துவிடாதே. முழங்கால் உயரத்துக்கு மூன்று மரக்கால்கள், உச்சியிலிருந்து நூலில் தொங்குகிற, கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு, கால்களை இணைக்கிற அடிப்பலகையில் ஒரு கூட்டல் குறி. தரை மட்டமாக இருந்தால் குண்டின் முனை அந்தக் குறிக்கு நேர் மேலே நிற்கும். ஒரு காலத்தில் கப்தான் கொடுத்தார்களாம். ஒரு வருடம் கப் வாங்கியவரின் சொந்த வீட்டு மதிலே, அந்த வாரமே தெருவில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்போது தலைவராக இருந்த மரக்கடைக்காரர் கோபத்தில் கப்பைப் பிடுங்கி, சங்க ஆபீசில் பிஸ்கட் போட்டுவைக்கக் கொடுத்துவிட்டு, இதைச் செய்யச் சொன்னார். பிஸ்கட் இன்றைக்கும் அதில்தான் இருக்கிறது, நமுத்துப்போய். கூடவே ஒரு சட்டமும் போட்டுவிட்டுப் போனார். ஜெயித்தவர் இதைத் தன் வீட்டில், வருகிறவர் முதலில் காலெடுத்து வைக்கிற அறையில், தரைமேல் வைக்கவேண்டும், காலுக்கு அடியில் எதையும் செருகக் கூடாது. இரண்டாவதாக வந்தவர் ஒருநாள் வந்து பார்ப்பார், முனை விலகியிருந்தால் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மூன்று கால்களும் உழைப்பு, பொருள், திட்டம் என்றும், குண்டுதான் நேர்மை என்றும் விழாவில் விளக்கம் படித்தார்கள். கொத்தனார், தச்சர், கம்பி கட்டுகிறவர்தான் அந்த மூன்று கால்கள், நடுவில் அந்தரத்தில் தொங்குகிறவர் வீட்டுக்காரர் என்று நான் பக்கத்து நாற்காலி அம்மாளிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், பிறகுதான் தெரிந்தது, தலைவரின் மனைவியாம்.

இப்போது நம் கூடத்துக்கு வா. கொண்டுவந்து வைத்தோம், முனை குறியை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது. அம்மா முதன்முதலில் கட்டிய வீடு இது. நீ பிறப்பதற்கு முன்னால் அந்தக் கூடம் துணி துவைக்கிற திறந்தவெளி, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மூலையைப் பார்த்துத் தரை சரிகிற மாதிரி வாட்டம் கொடுத்திருந்தாள். நீ பிறந்ததும் இடம் போதவில்லை என்று மேலே கூரை போட்டாள், தரையைப் பிறகு மட்டமாக்கலாம் என்றாள், ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுப்பதில் அந்தப் பிறகு வரவே இல்லை. நீ உருட்டிய பந்தெல்லாம் ஏன் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது என்று இப்போது புரிகிறதா. இதில் இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா, கட்டுகிற சுவரெல்லாம் ஈரம் கசிகிறது என்று நீ பள்ளிக்கூட நாளில் பெயர் வைத்த அதே ஈரச்சுவர் மாமா. அம்மா வேலை நடத்துகிற இடத்துக்கே வந்து, அவளை விட்டுவிட்டு, சாப்பாடு கொண்டுபோன என்னிடம் கலவை விகிதம் கேட்கிற மனிதர். இத்தனை வருடம் வெயிலில் நின்று அவள் சம்பாதித்த பெயர் இவர் கைக்குப் போக நான் விடுவதாக இல்லை. அம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து, என் கடை விசிட்டிங் கார்டுகளை அடுக்கி ஒரு காலுக்கு அடியில் செருகினேன். முனை சமர்த்தாகக் குறியில் வந்து நின்றது. அம்மா ஈரத்தலையோடு வந்தவள், போகிற போக்கில் கால் கட்டைவிரலால் அவற்றை இழுத்துப் போட்டுவிட்டு, ‘சீட்டு வச்சு நேராக்குனா அது என் வேலை இல்லங்க, உங்க வேலை’ என்றாள். அவர் பார்க்க வருவதற்குள் தரையைப் பெயர்த்து மட்டமாக்கவும் நாள் போதாது.

ஈரச்சுவர் மாமா பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தார், அதை ஸ்டாண்டு மூலையில் கழற்றிவிட்டு மண்டியிட்டுப் பார்த்தார், பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது. வழக்கம்போல என்னிடம் திரும்பி, ‘மன்னிக்கணும் சார், முனை விலகியிருக்கே’ என்றார். அம்மா, ‘தாராளமா எடுத்துட்டுப் போங்க, சட்டம் சட்டம்தான். ஏன் விலகியிருக்குன்னு மட்டும் பாத்துட்டுப் போங்க’ என்று சொல்லி, குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் கவிழ்த்தாள். நான் பேப்பரோடு சோபாவில் ஏறிக்கொண்டேன். தண்ணீர் எங்கேயும் நிற்கவில்லை, தேங்கவில்லை, நேரே மூலைக்குப் போய், அவர் ஷூ இரண்டையும் விசாரித்துவிட்டு, ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய துவாரத்தில் இறங்கிப் போய்விட்டது. ஷூ நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. தரையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, என்னைத் தாண்டிப் போய், அம்மா முன்னால் நின்று, ‘மேடம், எங்க மொட்டை மாடியில மழை பெஞ்சா குளமா நிக்குது. இதுக்கு வாட்டம் எவ்வளவு குடுத்தீங்க’ என்று கேட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கோடு போட்டு விளக்கினாள், அவர் எதிரில் சம்மணம் போட்டுக் கேட்டார், நான் டீ போட்டேன். போகும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர் விருதை எடுக்கவில்லை. சங்கத்துக்கு எழுதிக்கொடுத்ததில், ‘முனை விலகியிருக்கிறது, விலக வேண்டிய அளவுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறார். அதை வைத்து அங்கே ஒரே அடிதடி, கடைசியில் விருது நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அதற்காக இல்லை, அவர் என்னைத் தாண்டிப் போனாரே, அப்போதுதான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பயலுக்கு முத்தம், நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அங்கே நீ வாங்கப்போகிற வீட்டைப் பற்றி இதுவரை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாய். இனிமேல் அம்மாவிடம் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா