உலகத்தின் மற்றப் பாதி

நேற்று லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பிள்ளையார் தேர். உடைத்த தேங்காய்களின் தண்ணீர் தெருவெல்லாம் ஓடி, வெயிலில் மெல்லப் புளித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை வந்ததும் நீயும் வந்துவிட்டாய். வழக்கம்போலத் தாமதமாக, கையில் துணிப்பையோடு.

தேர் போனபின் சிதறிக் கிடக்கும் பாதிகளைப் பொறுக்கி, நம் சார்செல் வீட்டுக்கு ரயிலில் கொண்டுபோவோமே. ஒருமுறை, பெட்டியில் அத்தனை பேர் பார்க்க, இரண்டு பாதிகளை மடியில் பக்கம்பக்கமாக வைத்துக்கொண்டாய். நீ பழைய உலகப்படங்களை ஆராய மதுரையிலிருந்து வந்தவள். நான் வன்னியிலிருந்து வந்து உணவகத்தில் வெங்காயம் உரிப்பவள். நீ பேசத் தொடங்கினால் எனக்குப் பாதி நித்திரை, பாதி கனவு.

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊரு வெள்ளைக்காரங்க உலகம் முழுசையும் ஒரே பார்வையில பாக்க ஆசைப்பட்டாங்கடி. நிலாவுல நின்னு பாக்குற மாதிரி கனவு கண்டவங்ககூட உண்டு. உருண்டைய ஒரேயடியா பாக்க முடியாதுல்ல, அதான் ரெண்டு வட்டமா வரைஞ்சாங்க."

"உலகம் என்ன தேங்காயே, இரண்டாப் பிளக்க?" என்றேன்.

நீ சிரித்தாய். ஒரு வட்டத்தின் விளிம்புக்குப் போகும் கப்பல் விழுந்துவிடாது, மற்ற வட்டத்தின் விளிம்பில் வெளியே வரும் என்று ஓட்டின்மேல் விரலை ஓட்டிக் காட்டினாய். படம் வரைந்தவர்களில் பலர் வீட்டு மேசையைவிட்டு அதிகம் நகராதவர்களாம். காணாத கடல்களுக்கும் இடம் விட்டு வரைந்தார்களாம். ரயில் ஆடியது. நாம் இருவரும் நிலவிலிருந்து இறங்கி வருவதுபோல் எனக்கு இருந்தது.

மருத்துவமனையில் உன் கடைசிக் கிழமை முழுவதும் அதே கதைதான். "நான் இப்ப விளிம்புல இருக்கேன்டி. அந்தப் பக்கம் வந்துருவேன்ல?"

"கோதாரி பிடிச்ச கதை கதையாதை. இஞ்சையே இரு" என்று சீறினேன். நீ இருக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ விழுந்து தொலைந்துவிட்டாயா, எங்காவது வெளியே வந்திருக்கிறாயா என்று தெரியாமல் நான் படுகிற பாடு உனக்கு எங்கே தெரியப் போகிறது?

நேற்று ஒரு பாதி என் காலடிக்கு உருண்டு வந்தது. குனிந்து அதன் சோடியைத் தேடினேன். தெருவைக் கூட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா தேடுறியள்?"

"இதின்ரை மற்றப் பாதி."

"எல்லாம் தேங்காய்தானே. ஏதாவது ஒண்டை எடுங்கோவன்."

எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். சேரவில்லை. ஒற்றைப் பாதியோடு ரயில் ஏறினேன்.

பெட்டியில் நல்ல நெரிசல். பக்கத்து இருக்கையில் என் துணிப்பை இருந்தது. ஒரு அம்மா வந்து, "பிள்ளை, இதிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா," என்றேன். "ஆள் வருது."